பின்சீட்டில் தூங்குகிறவர்கள்

மாலை ஆறே முக்கால். புறவழிச்சாலை வந்த பிறகு ஆள் நடமாட்டம் அற்றுப்போன பழைய ரோடு. அதில் எரிகிற ஒரே விளக்கு என் நண்பனுடைய பெரியப்பாவின் ஒர்க்‌ஷாப் விளக்குதான்... இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற விஷயமில்லை இது.

பெரியப்பா கார் மெக்கானிக். பெரியம்மா காலமாகி நாலு வருஷம். ஒரே மகள், எட்டு மணி நேரப் பயண தூரத்தில். கடையை ஏறக்கட்டிவிட்டு என்னோடு வந்து இருங்கள் என்று தினமும் போனில் கெஞ்சுவாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்று இவரும் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலேயே ஒரு அறை, ஒரு கட்டில். சில நாள் காலையிலிருந்து வாயைத் திறக்கவே வேலை இருக்காதாம். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்கிற அளவுக்குப் போய்விட்டார்.

அன்று தூறல். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். ஒரு பழைய கார் வந்து நின்றது... ஹார்ன் இல்லை, பிரேக் சத்தமும் இல்லை. இறங்கியவருக்கு அறுபது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. ஆயில் மாற்ற வேண்டும் என்றார்.

பேச ஆள் கிடைத்த சந்தோஷம் பெரியப்பாவுக்கு. கேட்காததையெல்லாம் சொன்னார். லேசான ஆயில் புது வண்டிக்குத்தான் ஒத்துவரும், ஓடித் தேய்ந்த இன்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் சரி. குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் சோம்பல்படும், ஆனால் சத்தம் அடங்கிவிடும் என்றார்.

“அப்ப அதையே ஊத்துங்க,” என்றார் வந்தவர். “பின்னாடி தூங்குறாங்க.”

பெரியப்பா எட்டிப் பார்த்தார். பின்சீட் காலி.

என்ன துக்கமோ, பாவம் என்று நினைத்துக்கொண்டார். ஷட்டரைத் தூக்கி, வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். வண்டிக்கு அடியில் இருக்கிற சர்வீஸ் குழிக்குள் இறங்கினார். ஓடி வந்த வண்டியில் ஆயில் கொதிக்கும், பட்டால் தோல் வழன்றுவிடும். அதனால் கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் ஆயில் வடிக்கிற போல்ட்டைக் கழற்றினார். கறுப்பாக இறங்கிய ஆயில் மணிக்கட்டில் வழிந்தது...

சில்லென்று இருந்தது.

மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த வண்டியின் ஆயில் மாதிரி. சைலன்சரைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் சில். தீய்ந்த நெடி வரவேண்டிய இடத்தில் ஈர மண் வாசனை.

அப்போது மேலே பின்கதவு திறந்தது. க்ளக். தலைக்கு மேல் ஸ்பிரிங் முனகிக்கொண்டு ஒரு விரல் அளவு இறங்கியது... யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. மறுபடி ஒரு முனகல். மூன்றாவது மிகச் சின்னதாக... குழந்தை கனம். குழியிலிருந்து பார்த்தால் சிமெண்ட் தரை முழுக்கத் தெரியும். வந்தவரின் செருப்புக் கால்கள் தூரத்தில், ஷட்டர் பக்கம் நின்றன. வேறு கால் ஒன்றுகூட இல்லை.

போட்டது போட்டபடி ஓடியிருக்கலாம். ஆனால் வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாத மனுஷர். போல்ட்டைத் திரும்ப முடுக்கினார். புது ஃபில்டர் மாட்டினார். மேலே ஏறி ஆயில் ஊற்றினார். ஒரு நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்கும்வரை காத்திருந்துதான் அளவு பார்க்க வேண்டும். அதற்காக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். அணைத்தார்.

அந்த அமைதியில் கேட்டது... மூச்சு. அசந்து தூங்குகிறவர்களின் மூச்சு. ஒன்று கனமாக, ஒன்று மெல்லிசாக, இன்னொன்று மூக்கடைத்த குழந்தையுடையது மாதிரி விட்டு விட்டு.

அவர் திரும்பவில்லை. பயம்தான். ஆனால் மகளிடம் பிற்பாடு வேறொன்றும் சொன்னாராம்... பக்கத்தில் ஒரு ஆள் தூங்குகிற சத்தம் கேட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது என்று. ஆயில் இறங்க ஐந்து நிமிஷம் போதும். இவர் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வந்தவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஜன்னலோரம் குனிந்து கேட்டார்:

“போதுங்களா?”

பெரியப்பா தலையாட்டிவிட்டு மனமில்லாமல் இறங்கினார். டிப்ஸ்டிக்கை உருவி அளவு பார்த்தார், பானட்டை மூடினார். கார் தூறலுக்குள் போய் மறைந்தது... சத்தமே இல்லாமல்.

ராத்திரி வழக்கம்போல மகள் போன் செய்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், மறுக்கக் கூடாது என்று ஆரம்பித்தவள் நடுவில் நிறுத்தினாள். அவள் குரல் தானாகவே தாழ்ந்தது.

“அப்பா... பக்கத்துல யாரு தூங்குறது?”

 அவர், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரிக் கிசுகிசுத்தார்.

“நீ வர வேணாம்மா. நான் இங்கயே இருந்துக்கறேன்.”

போனை அவர் அணைக்கவில்லை. கட்டில் கிறீச்சிடுவது மகளுக்குக் கேட்டது... இருக்கிற கொஞ்ச இடத்தில் சுவரோரமாக அவர் ஒதுங்கிப் படுக்கிற மாதிரி.