முப்பத்தெட்டாவது பறவை

எங்கள் தொழிலில் முதலில் கெட்டுப்போவது கழுத்து. கண்தான் போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி இருக்கிறது, விளக்கு இருக்கிறது. நான்கு மணி நேரம் குனிந்தபடி ஒரே இடத்தைப் பார்க்கும் கழுத்துக்கு ஒன்றும் கிடையாது. அதனால்தான் உங்களை நிமிர்ந்து பார்க்காமல் பேசுகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம்.

என் கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவர் முதுகில் இருந்த ஒரு மச்சத்தைப் பற்றி என் நாத்தனார் எழுதிக் கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினீர்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தேதி, வரிசை எல்லாம் பிசகாமல் எழுதுவாள். ஆனால் டாட்டூ போடுவதைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அது தெரியாமல் நடந்ததைப் புரிந்துகொள்வது கஷ்டம். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

என் ஸ்டுடியோவில் படப் புத்தகம் கிடையாது. மற்ற கடைகளில் சுவர் முழுக்கச் சிங்கமும் சிறகும் ரோஜாவும் ஒட்டியிருப்பார்கள். வருகிறவர் சட்டை எடுப்பதுபோல ஒன்றைக் காட்டி, அரை மணியில் போட்டுக்கொண்டு போய்விடுவார். என்னிடம் வந்தால் முதல் நாள் ஊசியை எடுக்கவே மாட்டேன். உட்கார வைத்துப் பேசுவேன். எதற்காக வேண்டும், உடம்பில் எங்கே, அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பேன். பிறகு அந்த உடம்பின் வளைவுக்கென்றே கையால் வரைவேன். ஒரு தோளுக்கு வரைந்ததை இன்னொரு தோளில் வைத்ததில்லை.

பையன்கள் செல்போனில் யாரோ ஒருவரின் கையைப் படமெடுத்துக்கொண்டு வருவார்கள்.

"அக்கா, இதே மாதிரி வேணும்."

"இதான் ஏற்கெனவே ஒருத்தர்கிட்ட இருக்கே. உனக்கு எதுக்கு தம்பி?"

"கெத்தா இருக்குக்கா."

"அது அவன் கெத்து. உன் கெத்து என்னன்னு யோசிச்சிட்டு வா."

பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். வருகிற பாதிப் பேர் கடைசிவரை என்னை விடமாட்டார்கள். காதலியின் பெயரைப் போடச் சொல்லி வருபவர்களிடம், பெயர் வேண்டாம், அவளுக்குப் பிடித்த பூவைப் போட்டுக்கொள், அடுத்தவளுக்கும் அந்தப் பூ பிடிக்க வாய்ப்பிருக்கிறது என்பேன். சிரித்துவிட்டுப் பூவோடு போவார்கள்.

குடித்துவிட்டு வந்தவரைத் தொடமாட்டேன். மச்சத்தின் மேல் ஊசி வைக்கமாட்டேன். இரண்டாவதற்குக் காரணம் உண்டு. உரிமம் வாங்கும்போது எங்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடந்தது. தோல் டாக்டர் ஒருவர் வந்து படங்கள் காட்டினார். "நாங்க ஒருத்தரோட முதுகை அஞ்சு நிமிஷம் பாக்கறோம். நீங்க அஞ்சு மணி நேரம் பாக்கறீங்க. மச்சம் வளர்ந்தா, ஓரம் கோணினா, ஒரே மச்சத்துல ரெண்டு மூணு நிறம் தெரிஞ்சா, உடனே அனுப்பி வைங்க. அதுமேல மையைப் போட்டு மூடிட்டா அப்புறம் எங்களாலயும் கண்டுபிடிக்க முடியாது," என்றார். அதை அப்படியே எழுதி, கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் சோதனைக்கு வந்தபோது பார்த்திருப்பீர்கள்.

என் கணவர் நீச்சல் பயிற்சியாளர். எல்லோரும் அவரை 'கோச்' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். முதலில் அவரும் ஒரு வாடிக்கையாளராகத்தான் வந்தார். தோளில் ஒரு மீன் வேண்டும் என்றார்.

"நீச்சல் சொல்லிக்குடுக்கறவர் மீன் போட்டுக்கறது, தையல்காரர் கத்தரிக்கோல் போட்டுக்கற மாதிரி," என்றேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. எனக்கு எது பொருந்தும்?"

திரும்பி நில்லுங்கள் என்றேன். அப்படித்தான் நான் மாப்பிள்ளை பார்த்தது. முகத்தை அல்ல, முதுகை. அகலமான, மேடு பள்ளம் ஒழுங்காக அமைந்த முதுகு. அதைப் பார்த்தால் எங்கள் தொழிலில் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஒரு வாரம் வரைந்தேன். இடுப்பிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டு எழும்பித் தோள்வரை பறக்கும் ஐம்பது பறவைகள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அவர் கையைத் தூக்கினால் அத்தனையும் சிறகை விரிக்கும். மூன்றாவது பறவை முடிவதற்குள் கல்யாணம் செய்துகொண்டோம்.

இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை வெளிச்சத்தில், ஒரு பறவை. அதன்பின் புண் ஆறும்வரை அவர் குளத்தில் இறங்கக்கூடாது. கரையில் நின்று கத்திக்கொண்டிருப்பார். எங்கள் தாம்பத்தியத்தில் பாதி அவர் முதுகோடுதான் நடந்தது. அவர் கவிழ்ந்து படுத்துத் தரையைப் பார்த்தபடி ஊர்க்கதை பேசுவார். நான் கேட்டுக்கொண்டே வேலை செய்வேன். நாத்தனார் வந்தால் வாசலில் நின்று வம்புக்கு இழுப்பாள்.

"அண்ணி, எங்க அண்ணனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா, வாடகைக்கு எடுத்திருக்கீங்களா?"

"வாடகை எல்லாம் இல்லம்மா. சொந்தமாவே வாங்கிட்டேன்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்பார் அவர் கீழேயிருந்து. "சிரிச்சா பறவைக்குக் கால் ஒடிஞ்சிரும்."

வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே கடுகளவு ஒரு மச்சம் இருந்தது. அதைத் தொடாமல், சுற்றி மயிரிழை அளவு வெறும் தோலை விட்டு, அதையே கண்ணாக வைத்து முப்பத்தெட்டாவது பறவையை வரைந்தேன். அவருக்கு அதில் ஏகப் பெருமை. "இது ஒண்ணு மட்டும் எங்கம்மா போட்டது, மத்ததெல்லாம் எங்க வீட்டம்மா போட்டது," என்று குளத்தில் எல்லோரிடமும் திரும்பி நின்று காட்டுவார்.

எட்டாவது வருஷம் அந்தக் கண் மாறியது. ஒவ்வொரு முறையும் புண் ஆறியபின் படமெடுத்துத் தேதி போட்டு வைப்பது என் வழக்கம். நாத்தனார் கண்டெடுத்து உங்கள் மேசையில் பரப்பி வைத்திருப்பது அந்தப் படங்கள்தான். மேசையில் இருப்பதில் மூன்றாவது படத்தில் கண்ணின் ஓரம் வெறும் தோலைத் தாண்டியிருக்கும். நான்காவதில் ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருக்கும். பறவைக்கு மாறுகண் வந்ததுபோல் தெரியும்.

அதை நான் கவனித்த அன்று அவர், தண்ணீருக்குப் பயந்த ஒரு ஓய்வுபெற்ற மேனேஜரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார். கையை விடுங்க சார்னா, மூக்குல இருக்கறதையா, கம்பியில இருக்கறதையான்னு விளக்கம் கேக்கறார்." நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்தபடியே அளவுகோலை வைத்து அளந்தேன். முன்பு இருந்ததைப்போல் மூன்று மடங்கு இருந்தது.

அப்போது இரண்டு பறவைகள்தான் பாக்கி. நான்கு மாதத்தில் எங்கள் தொழில்காரர்களின் பெரிய கண்காட்சி இருந்தது. சொந்தமாக வரைபவர்களுக்கு மட்டுமே அங்கே போட்டி. நடுவர்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோடாகப் பார்ப்பார்கள். நான் வாயைத் திறந்தால் அவர் மறுநாளே டாக்டரிடம் போவார். அவர்கள் மச்சத்தை மட்டும் வெட்டமாட்டார்கள், சுற்றிலும் தாராளமாக எடுப்பார்கள். தையல் போட்டால் பக்கத்துத் தோல் இழுபடும், சிறகுகள் எல்லாம் கோணும். நான்கு மாதம்தானே என்று நினைத்தேன். பல்வலியை அதைவிட அதிக நாள் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் மாறுகண்ணை நடுவர்கள் கவனிப்பார்கள். டாக்டர் யாராவது கூட்டத்தில் இருந்தால் அவரும் கவனிப்பார். அடுத்த ஞாயிறு அந்தப் பறவையைக் கறுப்பாக்கினேன்.

"என்ன ஆர்டிஸ்ட், ரொம்ப நேரமா ஒரே இடத்துல சுத்திக்கிட்டிருக்கே?"

"முப்பத்தெட்டை மாத்தறேன், கோச். கூட்டத்துல ஒண்ணு கறுப்பா இருந்தா எடுப்பா இருக்கும்."

"எங்கம்மா போட்ட கண்ணு?"

"உள்ளதான் இருக்கு. வெளிய தெரியாது."

"நீ சொன்னா சரி."

இருக்க வேண்டியதைவிட ரத்தம் அதிகம் வந்தது. துடைத்துத் துடைத்துப் போட்டேன். வேலை சுத்தமாக வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என்னைத் தவறாக நினைப்பீர்கள். அதே வாரம் பஸ் ஓட்டும் ஒரு அம்மா வந்திருந்தார். அவர் மகள் கிறுக்கிய படத்தைத் தோளில் போட வேண்டும் என்றார். அங்கே ஒரு மச்சம், கடுகைவிடச் சிறியது. அதன் ஓரம் எனக்குப் பிடிக்கவில்லை. மெஷினை அணைத்துவிட்டேன். நானே டாக்டருக்குப் போன் போட்டு நேரம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். அன்று நாள் முழுவதும் மனசு நிறைந்திருந்தது. தொழிலுக்கு ஒரு தர்மம் உண்டு என்று நம்புகிறவள் நான்.

கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. மேடையில் அவர் கையைத் தூக்கியபோது அரங்கமே எழுந்து நின்றது. வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஒரு புகைப்படக்காரர் புத்தகம் போடுவதாகச் சொன்னார். அது முடியட்டும் என்று பார்த்தேன். அதுவும் முடிந்தது.

"அங்க அரிக்குது, கொஞ்சம் பாரேன்," என்பார் கோச்.

"கறுப்பு மை கொஞ்சம் முரடு. தேற நாளாகும்." களிம்பு தடவிவிடுவேன்.

அவர் துவாலையில் ரத்தப் பொட்டு இருப்பதை நாத்தனார்தான் பார்த்தாள். "அண்ணி, டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "டாக்டர் எதுக்குடி? தினமும் என் முதுகைப் பாக்கறவ வீட்டுலயே இருக்கா."

அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் பொய் சொன்னதாகப் புகாரில் இருக்கிறது. தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

அக்குளில் கட்டி வந்ததை அவரே கண்டுபிடித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்று நுரையீரலுக்குப் போயிருந்தது. டாக்டர் அந்தக் கறுப்புப் பறவையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது எப்போது போட்டது என்று கேட்டார். கோச் என் பக்கம் திரும்பினார்.

"கறுப்புக்குள்ள உனக்கும் தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"தெரியலைங்க," என்றேன்.

"அழாத. உன்மேல என்ன தப்பு." என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். குளிப்பாட்டியது, ஊட்டியது, இரவும் பகலும் கூடவே இருந்தது எல்லாம் நான்தான். வேறு யாரும் அவரை அப்படிக் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. நாத்தனாரையே கேளுங்கள், அதையும் மறைக்கமாட்டாள்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். நான் மெதுவாகச் சொல்கிறேன். மச்சம் மாறியதை முதலில் பார்த்தவள் நான். அது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தபோது அங்கே கறுப்பு இல்லை. வேறு யாரும் பார்க்கக்கூடாது என்றுதான் கறுப்பைப் போட்டேன். பரிசுக்காகச் செய்தேன் என்று நாத்தனார் எழுதியிருக்கிறாள். அது முதல் நான்கு மாதத்துக்குத்தான் பொருந்தும். அதன்பின் சொல்லியிருந்தால், எப்போது பார்த்தாய் என்று கோச் கேட்டிருப்பார். அந்தக் கேள்வியை அவர் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக மீதி நாட்கள் சும்மா இருந்தேன். முதலிலேயே காட்டியிருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார் என்று டாக்டர் உங்களிடம் சொன்னது உண்மைதான்.

கேட்க வேறு ஒன்றும் இல்லையென்றால், நானே ஒன்று சொல்கிறேன். கடைசியில் வலிக்காக அந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். சர்ஜன் நல்ல மனிதர்தான். ஆனால் கோடுகளைப் பார்க்காமல் தையல் போட்டுவிட்டார். முப்பத்தேழாவதின் சிறகு போய் முப்பத்தொன்பதாவதின் கழுத்தில் ஒட்டிக்கொண்டது. எங்கே வெட்டினால் சேர்க்கும்போது சிறகு சிறகோடு பொருந்தும் என்று நான் பேனாவால் குறித்துக் கொடுத்திருப்பேன். ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை போய்க் கெஞ்சினேன். உள்ளே விடவில்லை. ஒரு மனுஷருடைய உடம்பை அப்படிப் பாழாக்கியதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை, மேடம்.