கார் கழுவ அரை பக்கெட் போதும்

ஒரு காரைக் கழுவ அரை பக்கெட் தண்ணீர் போதும். பலர் இதை நம்புவதில்லை. முதலில் உலர்ந்த துணியால் தூசியைத் தட்டிவிட வேண்டும். பிறகு ஈரத்துணியால் கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கித் துடைத்துக்கொண்டே வர வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. மிஞ்சுகிற அழுக்குத் தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றிவிடலாம். என் காரை வாங்கிய நாளிலிருந்து இப்படித்தான் துடைக்கிறேன். இன்றைக்கும் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

பிரியதர்ஷினி மேடம், விசாரிக்க ஒரு தமிழ்ப் பெண் வந்தது எனக்குப் பெரிய ஆறுதல். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்ததால் உங்கள் தமிழ் கொஞ்சம் தடுக்குகிறது, பரவாயில்லை, நான் நிதானமாகவே சொல்கிறேன். என்னை "அங்கிள்" என்று மட்டும் கூப்பிடாதீர்கள். போலீஸ் அதிகாரி விசாரணையில் அப்படிக் கூப்பிடுவது முறையில்லை. மகாதேவன் என்றே சொல்லுங்கள். ஜோதிலிங்கத்தின் தலையில் ஏன் இரண்டு காயம் என்று கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன்.

மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராகச் சேர்ந்து, அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவன் நான். நான் எழுதிய குறிப்பு ஒன்றைக்கூட மேலே இருந்தவர்கள் தப்பு என்று திருப்பி அனுப்பியதில்லை. டெல்லி முனிர்காவில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்த பிறகு எங்கள் பிளாக்கின் தண்ணீர்க் கமிட்டிக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். சம்பளம் கிடையாது. காலையில் சப்ளை வரும்போது தரைக்கடியில் இருக்கும் வால்வைத் திறந்துவிட வேண்டும். அதற்கு ஓர் இரும்புச் சாவி உண்டு. இடுப்பு உயரம், மேலே குறுக்குப்பிடி, நல்ல கனம். அதை நான் யாரிடமும் கொடுத்ததில்லை.

இந்தக் கோடையில் எப்படித் தண்ணீர் இல்லாமல் போனது என்று உங்களுக்குத் தெரியும். லாரி வந்தால் சண்டை, வராவிட்டால் அழுகை. குழாய்த் தண்ணீரை ஓஸ் பைப்பில் அடித்துக் கார் கழுவினால் அபராதம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. எங்கள் கமிட்டி இன்னொரு விதியும் போட்டது. சோப்பு நுரை மழைநீர்க் கால்வாயில் இறங்கக் கூடாது. அந்தக் கால்வாய் பார்க்கில் இருக்கும் குழிக்குப் போகிறது, குழியிலிருந்து நிலத்தடிக்குப் போகிறது. இதை எழுதி ஒவ்வொரு படிக்கட்டிலும் ஒட்டினேன். படித்துவிட்டு எல்லோரும் "அச்சா, அச்சா" என்றார்கள்.

சொன்னால் கேட்காதவர்களுக்கு வேறு மாதிரிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கார் துடைக்க வருகிற ஆள் ஒருவன் ஒரு நாள் ஓஸ் பைப்பை எடுத்தான். நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, அவன் கை உள்ளே இருக்கும்போது காரின் கதவைச் சாத்தினேன். இரண்டு விரல்தான். காற்றுக்குச் சாத்திக்கொண்டது என்று எல்லோரும் நினைத்தார்கள், நானே டெட்டால் கொண்டுவந்து ஊற்றினேன். அவன் போட்ட சத்தத்தில் எனக்குக் காது வலித்தது. அதற்குப் பிறகு எங்கள் பிளாக்கில் அவன் பக்கெட்டைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

ஜோதிலிங்கம் எதிர்ப் படிக்கட்டில் முதல் மாடி. கோயமுத்தூர்ப் பக்கம், பொதுத்துறைக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கெடுத்தாலும் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும்போது இந்த மனிதர் வாரம் ஒருமுறை பின்சந்தில் காரை நிறுத்தி ஓஸ் பைப்பால் அடித்துக் கழுவுவார்.

"ஜோதிலிங்கம், இது சட்டப்படி குற்றம்" என்றேன்.

"ஏனுங் சார், வண்டிக்கும் வேர்க்குமுங்களே" என்று சொல்லிவிட்டு அதே சிரிப்பு. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அன்று சாயந்திரம் அவருடைய ஓஸ் பைப்பைக் காய்கறிக் கத்தியால் துண்டு துண்டாக நறுக்கி அவர் வாசலிலேயே வைத்தேன். மறு வாரம் புதுப் பைப் வந்தது, ஆரஞ்சு நிறத்தில். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "எலித் தொல்லை ஜாஸ்தியாப் போச்சுங்க சார்" என்று என்னிடமே சொன்னார்.

என் மனைவி ராஜலக்ஷ்மிக்கு நான் இதில் தலையிடுவது பிடிக்கவில்லை. "அவர்கிட்ட ஒரு தரம் உக்காந்து பேசுங்கோளேன். எந்தத் தண்ணி, என்னன்னு கேட்டா வாயா வலிக்கும்?" என்றாள். விதிமீறலில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? கண்ணால் பார்த்ததை எழுத வேண்டியதுதான் என் வேலை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை. அதற்கு முந்தின நாளும் சப்ளை வரவில்லை. வால்வைத் திறந்து பார்த்தேன், காற்றுதான் சீறியது. கீழ்வீட்டுப் பெண்கள் காலிக் குடத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், நான் என்னமோ தண்ணீரை மடியில் கட்டி வைத்திருப்பது போல. அப்போது பின்சந்திலிருந்து தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே போனேன்.

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு முன் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். நுரை வெள்ளையாக மழைநீர்க் கால்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்தார். நான் கூப்பிடவில்லை. சாவியின் குறுக்குப்பிடியால் பின்தலையில் அடித்தேன். தேங்காய் உடைக்கும்போது வருகிற மாதிரிச் சத்தம்தான், பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் பானெட்டில் சாய்ந்து, அப்படியே சரிந்து சக்கரத்தில் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டார். கழுத்து வழியாக ரத்தம் வந்து பனியனில் ஊறியது. மூர்ச்சை ஆகவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடிச்சுப் போட்டீங்களே சார்" என்றார். "இது ஆர்.ஓ. தண்ணிங்க. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே."

மேடம், இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். டெல்லியில் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது. ஒரு குடம் குடிநீர் வடிகட்டினால் அதைவிட அதிகமாக உப்புத் தண்ணீர் கழிவாக வெளியே வரும். அது குடிக்க உதவாது. தரை துடைக்கலாம், கார் கழுவலாம். அதற்குத் தடை எதுவும் இல்லை.

நான் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். அது எங்கள் லைனில் மாட்டியிருக்கவில்லை. ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு நீல டிரம், அதற்குள் ஒரு சின்ன மோட்டார். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

"நாலு வூட்டுல கேட்டு வாங்கிப் புடிச்சு வெக்கறமுங்க. உங்க வூட்டு மாமியுந்தான் தெனமும் ஒரு பக்கெட் குடுக்கறாங்க" என்றார். பேச்சு கொஞ்சம் குழறியது. "எம் பொண்ணு கவிப்ரியா வர்றா சார், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போவோணும். அருக்காணியக் கூப்பிடுங்க. ஒண்ணுமில்ல, தையல் போட்டாச் சரியாப் போயிருமுங்க."

அவர் சொன்னது சரி. தையல் போட்டால் சரியாகிவிடும் காயம்தான் அது. அவர் மனைவி அருக்காணி மாடியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் இறங்கி வந்திருப்பாள். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அத்தனை ரத்தத்திலும் அதில் கோபம் இல்லை. எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி, மெல்லச் சிரிக்க முயற்சி செய்தார்.

இந்த முறை முன்பக்கமாக, நெற்றியில். கையை ஓங்கி, முழு பலத்தோடு. சாவியின் பிடி எலும்புக்குள் மாட்டிக்கொண்டதால் காலை வைத்து இழுக்க வேண்டியிருந்தது. பிறகு டிரம்முக்குப் போய் மோட்டாரை அணைத்தேன். அவருடைய வாளியில் கொஞ்சம் தண்ணீர் மீதி இருந்தது, அதில் சாவியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தேன். முன்பக்கம் வந்தபோது குழாயில் சப்ளை வந்திருந்தது. எல்லோரும் நிறைய நிறையப் பிடித்துக்கொண்டார்கள்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது, அடித்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இரண்டாவது காயம் எதற்கு என்று மறுபடியும் கேட்கிறீர்கள். அப்போது ஆத்திரம் இருக்கவில்லை, மேடம். ஒரு அடியோடு விட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். பிழைத்திருந்தால், மகாதேவன் தப்புப் பண்ணிவிட்டான் என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்.