நாலாம் நம்பர் குட்டிக்கு மஞ்சள் பூசியது

லில்லி, வயது 29, த/பெ பாக்யராஜ், மாதா கோயில் தெரு, அபிஷேகப்பாக்கம், 05.08.2025 காலை காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகிக் கூறியது:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருக்கிறேன். கால்நடை ஆராய்ச்சி மாணவி. எங்கள் தெரு காசம்மாள் வளர்க்கும் ஆறு செம்மறிக் குட்டிகளுக்கு, பிறந்தது முதல் வாரம் ஒருமுறை இரத்தம் எடுத்து, அதில் ஒளிரும் ஆன்டிபாடி கலப்பேன். நோயை எதிர்க்கும் அணுக்களில் ஒரு வகையில் மட்டும் அது போய் ஒட்டும். அந்த வகை வயதோடு கூடுகிறதா குறைகிறதா என்று இயந்திரம் எண்ணிச் சொல்லும். பன்னிரண்டாவது வாரம்தான் கடைசி. ஆறில் ஒன்று தவறினாலும் என் மூன்று வருட உழைப்பு வீண்.

02.08.2025 அன்று நாலாம் நம்பர் கிடாக்குட்டியின் காது அட்டை விழுந்துவிட்டது. அடையாளத்துக்கு நெற்றியில் மஞ்சள் குழைத்துப் பூசினேன். மஞ்சள் பூசினால் சாமிக்கு நேர்ந்துவிட்ட குட்டி என்று ஊரே நினைக்கும் என்பதை மறந்தது என் புத்தி கெட்ட வேலை. மறுநாள் ஞாயிறு, காசம்மாள் ஓடிவந்து, "அடியே லில்லி, ஒன் நாலாம் நம்பரு அம்மன் கோயில்ல மாலையோட நிக்குதுடி" என்றார். அதன் பிறகு நாங்கள் இருவரும் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போனோம். திருவிழா நடத்தும் மணவாளன், "மஞ்ச பூசுன குட்டி தானா வந்துச்சு. நீ இன்னாத்துக்கு நடுவுல வர்ற?" என்றார். அதன் பிறகு நான், தண்ணீர் ஊற்றியதும் குட்டி உடம்பைச் சிலுப்பினால் அம்மனுக்குச் சம்மதம், வெட்டுங்கள்; சிலுப்பாவிட்டால் எனக்குக் கொடுங்கள் என்றேன். எல்லோர் முன்னிலையிலும் அவர் ஒப்புக்கொண்டார்.

முதல் செம்புக்குக் குட்டி அசையவில்லை. இரண்டாவது செம்புக்குத் தன் மாலையைத் தின்றது. மூன்றாவதாக ஒரு குடமே ஊற்றினார்கள், நின்றபடியே நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். "அம்மாவே வேணான்னுட்டா, இட்டுக்கினு போ" என்று மணவாளனே கயிற்றை அவிழ்த்தார்.

அன்று மாலையே பன்னிரண்டாவது வார இரத்தம் எடுத்துப் பார்த்ததில், பிறந்தபோது மிகுந்திருந்த அந்த வகை அணுக்கள் மற்ற ஐந்து குட்டிகளைப் போலவே இதற்கும் குறைந்திருந்தன. ஆறும் ஒரே கோட்டில் இறங்கின. ஆய்வகத்தில் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

நான் ஏமாற்றியதாக மணவாளன் மறுநாள் புகார் கொடுத்திருக்கிறார். வாரா வாரம் ஊசி குத்துமுன் கழுத்தை ஈரப் பஞ்சால் நனைத்து நனைத்து, குட்டிக்குத் தண்ணீர் பழகிவிட்டது. பந்தயம் கட்டும்போதே எனக்கு அது தெரியும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. குட்டி உயிரோடு இருக்கிறது, ஆராய்ச்சி முடிந்துவிட்டது. அம்மனுக்குக் குறை இருந்தால் அம்மனே வந்து புகார் கொடுக்கட்டும், பதில் சொல்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. ஒரு வரியும் பொய்யில்லை.

(ஒப்பம்) பா. லில்லி