கொச்சியிலிருந்து வந்த ஐஸ்

எல்லைப் போராட்டத்தால் முந்தின நாள் முழுக்க ஓடாத பஸ், அன்று காலையில்தான் நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குக் கிளம்பியது. எனக்கு முன்னால் இருந்தவரின் காலடியில் ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து தண்ணீர் கசிந்து என் செருப்பு வரை வந்தது.

"என்னவே, மீனா?" என்றார் கண்டக்டர்.

"எங்க அம்மைக்குக் கொண்டு போற ஐஸாக்கும். கொச்சியில கப்பலுக்கு இறால் உறைய வைக்கிற கம்பெனியில எனக்கு வேலை. நாங்க வச்சு விட்டா அமெரிக்கா போய்ச் சேருறது வரை ஒண்ணும் ஆகாது. அம்மை மரிச்சுதுன்னு தந்தி வந்துது. நான் வாறது வரை எடுக்கப்பிடாதுன்னு திருப்பி அடிச்சிருக்கேன்."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

உதியன்குளங்கரையில் காத்து நின்ற ஒரு பெண் ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்ததுமே அழுதாள்.

"நேத்தைக்கே அடக்கம் வச்சாச்சு அண்ணா. சாயங்காலம் வரை ஒன்னப் பாத்தோம். அதுக்கு மேல வைக்க முடியல்ல."

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "முகத்த மூடினது யாரு?"

கல்லறையில் இறக்குமுன் துணியால் முகத்தை மூட வேண்டியவன் மூத்த மகன்.

"நானாக்கும். 'அண்ணன் மூடுதான் அம்மே'ன்னு சொல்லித்தான் மூடினேன்."

அவர் குனிந்து பெட்டியைத் திறந்து, ஈர மரத்தூளைக் கையால் விலக்கினார்.

"இன்னும் பாதி உண்டு மக்கா," என்றார்.