தலைக்கு வைத்த லைஃப் ஜாக்கெட்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில், நைட் ஷிப்ட் முடிந்த முகத்தோடு எதிரே இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ரூம்காரர்கள். ஒருவன் பையிலிருந்து லைஃப் ஜாக்கெட்டை எடுத்தான்; அதில் தலையெண்ணெய்க் கறையைப் பார்த்ததும் கத்தியேவிட்டான்.

“இத்தப் போயி தலைக்கு வெச்சுத் தூங்கிக்கீறியே, இன்னாடா நீ?”

“ரூம்ல தலையணை ஏது மக்கா? மெத்துன்னு கெடந்துச்சு, ஒரு மாசமா வச்சுப் படுத்தேன்” என்றான் மற்றவன், தெற்கத்திப் பையன்.

“உள்ள ஸ்பாஞ்சு நசுங்கினா மெதக்காதுடா. இப்ப நேரா கோவளம் போயி, கயாக் படகுல கடல்ல எறங்கப் போறேன். கவுந்தா இன்னாத்த நம்பி மெதக்கறது?”

“அமுக்கிப் பாரு. எழும்புச்சுன்னா சரிதான்.”

அமுக்கினான். விழுந்த பள்ளம் எழும்பவே இல்லை. குளத்தில் கால் வைக்கவே பயப்படுகிற நான் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“போவாத மக்கா. ஒனக்குக் கண்ணே தொறக்க மாட்டேங்கு.”

ஜாக்கெட்காரன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

“போவல. ரூமுக்கே வரேன். இந்தா, இனிமே நீயே தலைக்கு வெச்சிக்க.”

தெற்கத்திப் பையன் அதை மடியில் வாங்கி, இரண்டு கையாலும் தட்டிப் பார்த்தான்.

“இனி தலைக்கும் ஆவாது மக்கா. தட்டையாயிட்டுல்லா.”