மதிப்புக் குறையவில்லை

சிவானி: ...அதான் சார் திரும்பத் திரும்பச் சொல்றேன். விபத்துல அடிபட்ட கதவுக்கு ரிப்பேர் செலவு முழுசையும் எங்க கம்பெனி கட்டியாச்சு. ரிப்பேருக்கு அப்புறம் காரோட மதிப்பு குறைஞ்சிடுச்சுன்னு தனியா பணம் கேட்டா, அது பாலிசியில கிடையாது.

தியாகலிங்கம்: விளங்குது பிள்ளை. சார் வேண்டாம், அங்கிள் எண்டு சொல்லுங்கோ. உங்கட ஆல்பனி ஒஃபிசில தமிழ்ப்பிள்ளை ஒண்டு இருக்குதெண்டு தெரிஞ்சிருந்தா, இவ்வளவு நாளும் இங்கிலீசில மல்லுக்கட்டியிருக்க மாட்டன்.

சிவானி: சரி அங்கிள். அப்போ கிளெய்ம் கிடையாதுன்னு எழுதி ஃபைலை மூடிடவா?

தியாகலிங்கம்: பொறுங்கோ, பொறுங்கோ. பாலிசியில இல்லை எண்டது ஒரு காரணம். வேற காரணம் ஒண்டும் இல்லையோ?

சிவானி: இந்த ஒண்ணு போதாதா?

தியாகலிங்கம்: எனக்குப் போதாது. அடிபட்ட கார் திருத்தினாலும் அடிபட்ட கார்தான், மதிப்புப் போச்செண்டு சொல்லுகினம்.

சிவானி: யாரு சொல்றாங்க?

தியாகலிங்கம்: என்ர கூட்டாளி குலசிங்கம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிஞ்சா, கோயில் கார் பார்க்கில எங்கட ஆக்கள் நிண்டு ஆரின்ரையாவது காரை ஆராயிறது வழக்கம். சாமி கும்பிட்ட நேரத்தை விட அது கூட. அவர் என்ர கதவைத் தடவிப் பாத்திட்டு, எல்லாருக்கும் கேக்க...

சிவானி: ஏதாவது மேடு பள்ளமா இருந்துச்சா?

தியாகலிங்கம்: கண்ணாடி மாதிரி இருந்தது.

சிவானி: அப்புறம் என்னவாம்?

தியாகலிங்கம்: திருத்தினது ஒரு பொம்பிளைப்பிள்ளை. மவுண்ட் வெல்லிங்டன் கராஜில. அது அவருக்குத் தெரியும். ‘அகப்பை பிடிக்கிற கையில சுத்தியலைக் குடுத்தா கார் உருப்படுமோ’ எண்டார். எல்லாரும் சிரிச்சவை.

சிவானி: ...நீங்க?

தியாகலிங்கம்: நானும் பல்லைக் காட்டிப்போட்டு வந்தனான். வந்த கையோட உங்களுக்குக் கிளெய்ம் போட்டனான்.

சிவானி: வேலை திருப்தியில்லைன்னா சொல்லுங்க அங்கிள். கராஜ் மேல புகார் எழுதுறேன். அந்தப் பொண்ணையே கூப்பிட்டு மறுபடியும்...

தியாகலிங்கம்: பிள்ளை. அந்த வேலையில பிழை இல்லை.

சிவானி: ஏன் இப்படிக் கோபப்படுறீங்க?

தியாகலிங்கம்: கோபமில்லை. நீங்கள் கதையுங்கோ.

சிவானி: பிழை இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. பார்க்க வந்த எங்க அசெஸரும் அதைத்தான் சொல்றாரு. எந்தப் பக்கக் கதவு அடிபட்டதுன்னு பேப்பரைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சாராம். அப்போ எந்த மதிப்பு குறைஞ்சுச்சு?

தியாகலிங்கம்: இதை... இதை அப்பிடியே எழுதுங்கோ. மறுப்புக் கடிதத்தில.

சிவானி: ரிப்போர்ட்ல இருக்கிறதுதானே, எழுதலாம். ‘வாகனம் விபத்துக்கு முன்பிருந்த நிலைக்கு முழுமையாகத் திருத்தப்பட்டுள்ளது. மதிப்புக் குறையவில்லை.’ இப்படி வரும், இங்கிலீஷ்ல.

தியாகலிங்கம்: இன்னொருக்கா வாசியுங்கோ.

சிவானி: அங்கிள், பணம் தர மாட்டோம்னு எழுதுறேன். நீங்க என்னமோ கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி கேக்குறீங்க.

தியாகலிங்கம்: கொம்பனியின்ர பேர் மேல பெரிசா இருக்குந்தானே?

சிவானி: இருக்கும். ஓ... காரை விக்கும்போது காட்டவா?

தியாகலிங்கம்: விக்கவோ? அந்தக் காரையோ? ஆர் சொன்னது?

சிவானி: விக்கலைன்னா இந்தக் கடிதம் உங்களுக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணும் புரியல. முடிவு பிடிக்கலைன்னா மேல முறையீடு பண்ணலாம், அதையும் நான் சொல்லியாகணும்...

தியாகலிங்கம்: முறையீடும் வேண்டாம், காசும் வேண்டாம் பிள்ளை. குலசிங்கம் சிரிக்கேக்க கஜந்தினி அர்ச்சனைத் தட்டோட எனக்குப் பக்கத்தில நிண்டவள். என்ர மகள். அவள் தனிய நிண்டு திருத்தின முதல் கார் அது. திறமான வேலை எண்டு அப்பன் சொன்னா ஆர் நம்புவினம்? காசு தரமாட்டம் எண்டு நிக்கிற கொம்பனி சொன்னா நம்புவினம்.