மதிய உணவு மேசையில் நீங்கள் வாசித்த நாவல்கள்

பாவில் ஓர் இழை பிசகினாலும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடும் பருந்துப் பார்வையரே! கண்டித்த கையாலேயே கண்ணீர் துடைக்கும் கனிவின் உருவே! துணிச் சோதனைப் பிரிவின் தூணே, துணையே, எங்கள் அன்பிற்கினிய பெரியக்கா அவர்களே! வணக்கம்.

விளக்கு எரியும் மேசைமேல் ஓடிவரும் துணியை ஓயாமல் உற்றுநோக்கி, ஓட்டை, கறை, முடிச்சு என ஒன்றுவிடாமல் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, ஆலையின் பெயரை ஆண்டாண்டு காலமாய் அப்பழுக்கின்றிக் காத்தவர் நீங்கள். அதையெல்லாம் நிர்வாகத்தின் மடல் சற்றுமுன் அழகாகவே சொல்லிவிட்டது. நாங்கள் சொல்ல வந்தது உங்கள் பணியின் கடைசி ஓராண்டையும், அதில் நீங்கள் படித்த நாவல்களையும் பற்றி.

"ஓய்வு வந்தப்புறம் படிக்கலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். கண்ணாடி பவர்தான் ஏறுது. இனிமே பொறுக்க முடியாதுடி" என்று ஒருநாள் அறிவித்தீர்கள். அன்றுமுதல், தறிகள் ஓயும் மதிய வேளையில் உங்கள் ஒரு கையில் கரண்டி, மறு கையில் வாடகை நூலகத்துப் புத்தகம். உங்களுக்காக மட்டுமே படித்தீர்கள். ஆனால் தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் படகோட்டியின் கதையில் புரையேறச் சிரித்தீர்களே, அன்றோடு போயிற்று உங்கள் தனிமை! "எங்களுக்கும் சொல்லுங்கக்கா" என்று நாங்கள் மொய்த்துக்கொள்ள, வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினீர்கள். பாரவண்டி ஓட்டும் எங்கள் 'முரடர்', ஒரு நாவலில் கிழட்டுக் கழுதை செத்துப்போன அத்தியாயத்தில் மூக்கைச் சிந்தியதையும், "துணித் தூசிங்க, வேற ஒண்ணுமில்ல" என்று சாதித்ததையும் இந்த அவை அறியட்டும்!

அந்த மேசையின் இரு கோடியில் இருவர் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் துணி சோதிக்கும் அண்ணி; மற்றவர் சிப்பம் கட்டும் நாத்தனார், அண்ணியின் கணவருக்குத் தங்கை. இருவரையும் ஆலைக்குள் அப்படித்தான் அழைக்கிறோம். ஒரே கூடத்தில் வேலை, ஒரே பேருந்தில் வருகை, பேச்சுமட்டும் இல்லை. "அந்த அம்மாகிட்ட கத்தரிக்கோலைக் கேளுங்கக்கா" என்பார் நாத்தனார், வேலை நேரத்தில் கைநீட்டினால் எட்டும் தொலைவில் இருந்துகொண்டு. நாத்தனாரின் தாயார் கண்மூடியபோது உடனிருந்து பார்த்துக்கொண்டவர் அண்ணி. எல்லாம் முடிந்த பிறகுதான் மகளுக்குத் தகவல் போனது. கடைசியாக ஒருமுறை 'அம்மா' என்று கூப்பிடக்கூட விடவில்லையே என்ற நெருப்பை நாத்தனார் நெஞ்சில் அணையாமல் வைத்திருந்தார். இதை இங்கே சொல்ல இருவரும் இசைந்தார்கள். "என்னை ரொம்ப நல்லவளாக்கிடாதீங்க" என்பது அண்ணியின் ஒரே நிபந்தனை.

தையற்கடை நடத்தும் அக்கா தங்கையின் கதையை ஒருநாள் நீங்கள் வாசித்தீர்கள். தங்கையின் திருமணம் முடியட்டும் என்று, தந்தை படுத்த படுக்கையானதை அக்கா மறைத்துவிடுகிறாள். நாத்தனார் தட்டைத் தள்ளிவைத்தார்.

"மறைக்க இவ யாருக்கா? பெத்தவரைப் பார்க்க தங்கச்சிக்கு உரிமை இல்லையா?"

கேட்டது உங்களை. பதில் வந்ததோ மேசையின் மறுகோடியிலிருந்து.

"பெத்தவரே சொல்லாதேன்னு சொல்லியிருந்தா?"

"கதையில அப்படி இல்லையே."

"கதையில இல்லதான்."

நாத்தனார் அப்போதுதான் அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தார். "அம்மாவா சொன்னாங்க?"

"ஆமா. 'குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்குது, அவ ஆஸ்பத்திரியை விட்டு நகரக் கூடாது, கூப்பிடாதே'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? இவனாலதானே அம்மாவைப் பார்க்க முடியாமப் போச்சுன்னு அந்தப் பிள்ளையைப் பார்க்கிறப்பெல்லாம் உனக்குத் தோணும். அதுக்கு நீ என்னையே திட்டிக்கிட்டு இருந்தா இருந்துட்டுப் போன்னு விட்டுட்டேன்."

நீங்கள் புத்தகத்தை மூடினீர்கள். "எல்லாரும் எந்திரிங்க, போய்க் கை கழுவுங்க" என்றீர்கள். "இன்னும் சாப்பிடவே இல்லக்கா" என்ற முரடரிடம், "பரவாயில்ல, கழுவு" என்றீர்கள். மேசையில் அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு வெளியேறினோம்.

கதைகளில்போல இருவரும் கட்டிப்பிடித்து அழுதுவிடவில்லை. நாத்தனார் மறுநாள் மேசைக்கே வரவில்லை. சிப்பங்களின் மறைவில் தனியாகச் சாப்பிட்டார். அண்ணிமேல் கோபம், அம்மாமேல் கோபம், யார்மேலும் கோபப்பட முடியாத கோபம். ஒரு மாலை, வீட்டுப்பாடம் எழுதும் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணி அஞ்சிய அதே எண்ணம் ஒரு கணம் மின்னிப் போனதாம். இந்த எண்ணம் தன்னை அண்டாமல் இத்தனை காலம் ஒருத்தி தன் பேரைக் கெடுத்துக்கொண்டு காவல் இருந்திருக்கிறாள்! மகனை இழுத்து அணைத்தார். "என்னம்மா?" "ஒண்ணுமில்ல, எழுது."

அடுத்த நண்பகல் தட்டோடு வந்து, "கொஞ்சம் நகருங்க அண்ணி" என்றார். அண்ணி நகர்ந்தார். நீங்கள் விட்ட இடத்திலிருந்து வாசிக்கப் பக்கம் தேடியபோது, "அது வேணாங்க்கா, வேற கதை எடுங்க" என்றார் அவர். "எனக்கும் அந்த அக்காவைப் பிடிக்கல" என்றார் அண்ணி. அந்த நாவலின் முடிவு எங்களில் எவருக்கும் தெரியாது.

ஆண்டிறுதியில், படித்தவற்றுள் பிடித்தவை எவை என்று கேட்டோம். படகோட்டி கதை முதலிடம், கழுதைக் கதை அடுத்தது, மழைக்கு ஒதுங்கிய இருவர் நாள்முழுதும் பேசித் தீர்க்கும் சிறு நாவல் மூன்றாவது என்றீர்கள். "தையற்கடைக் கதை?" என்று முரடர் கேட்க, "அதுவா? நடை சவசவன்னு இருக்கும். சுமார்தான்" என்று உதட்டைப் பிதுக்கினீர்களே, தராசு முள்ளை எங்கள் பாசத்திற்காகக்கூட அசையவிடாத தகைமையே, அதற்கும் சேர்த்தே உங்களை வணங்குகிறோம்!

பெரியக்கா! கண் ஒளி மங்காமல், கை நடுங்காமல், நல்ல கதை கிடைக்காத நாள் ஒன்றுகூட இல்லாமல் நெடுங்காலம் நீங்கள் வாழவேண்டும். நாளை முதல் நாத்தனார் வாசிப்பார். சொல் தடுக்குமிடத்தில் அண்ணி எடுத்துக்கொடுப்பார். அவர்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். யாரையும் அதில் உட்காரவிடமாட்டோம். வேலை இல்லாவிட்டாலும் சாப்பிட வாருங்கள்.

உங்கள் குரலுக்குக் காது பழகிப்போன,
துணிச் சோதனை, சிப்பப் பிரிவுத் தொழிலாளர்கள்